ஆற்றோடு போன இடது சப்பாத்து

என் சாச்சியின் இடது கால் வலது காலைவிட ஒரு தீப்பெட்டியின் பருமன் கட்டை. இதை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. மடவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில், உம்மா தன் தங்கையைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தி, இடது பாதத்தின் கீழே நிரம்பிய தீப்பெட்டி ஒன்றைப் படுக்கையாக வைத்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். வாப்பா மரியாதைக்கு வாசற்படியிலேயே நின்று, தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன என்று தீர்ப்புச் சொன்னார். பெட்டி நசுங்கிப் போனது. ஆனால் அளவு கிடைத்துவிட்டது.

அன்று மாலையே வாப்பா பழைய இறப்பர் செருப்பு ஒன்றை அறுத்து, அந்த அளவுக்கு இரண்டு துண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சாச்சியின் புதிய கறுப்புச் சப்பாத்தின் இடதுக்குள்ளே வைத்து அழுத்தினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாச்சிக்கு இருபத்தாறு. ஏழு வயதில் கிணற்றுப் படியில் விழுந்து முறிந்த கால் அது. எலும்பு கூடியது, ஆனால் பழைய நீளத்துக்கு வரவில்லை. அதுவரை மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று முறையும் சாச்சி தேநீர்த் தட்டோடு வந்து நின்றது வரை ஒரு குறையும் இல்லை. வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு அவர் குசினிக்குத் திரும்பி நடந்தபோதுதான் வந்தவர்களின் முகம் மாறியது. பிறகு மூன்று வீட்டிலிருந்தும் ஒரே மாதிரியான, மிகவும் மரியாதையான மறுப்பு வந்தது.

நான்காவது சம்பந்தம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து. மாப்பிள்ளைக்கு ரேடியோ திருத்தும் கடை. அவருடைய உம்மா சொல்லியனுப்பிய செய்தி வித்தியாசமாக இருந்தது. வீட்டுக்கு வரமாட்டார்களாம். பன்விலைக்கு மேலே இருக்கும் நீர்வீழ்ச்சியைப் பார்க்க இரண்டு குடும்பமும் தற்செயலாகப் போனது போலப் போவோம், சரிவராவிட்டால் ஊருக்குத் தெரியவே தேவையில்லை என்றிருந்தார்கள்.

உம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"வீட்டுல பாத்தா பத்தடி நடக்கிறதத்தான் பாக்க ஏலும். அங்கெண்டா மூணு மைல் நடத்திப் பாக்கலாம். கால்ட கத அவங்கட காதுக்குப் போயிட்டு" என்றார் வாப்பாவிடம்.

"முன்னுக்கே செல்லிட்டா என்ன ராத்தா?" என்று சாச்சி கேட்டார்.

"செல்லிட்டா ஆரு வருவா?"

மூன்று முறை பட்ட சாச்சி தலையாட்டினார்.

ஆகவே பயிற்சி தொடங்கியது. அலுமாரியிலிருந்து முன்கதவு வரை பதினொரு அடி. சாச்சி புதுச் சப்பாத்தோடு போய் வருவார். நான் கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தைக் கேட்டு, இரண்டு காலும் ஒரே சத்தம் என்றால் கொப்பியில் 'சரி' என்றும், வேறு வேறு சத்தம் என்றால் 'பிழை' என்றும் எழுத வேண்டும். நான் ஒழுங்கான பிள்ளை என்பதால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. முதல் நாள் பக்கம் முழுக்கப் பிழை. ஆறாம் நாள் ஒரு பிழைகூட இல்லை.

ஆறாம் நாள் சாச்சி சப்பாத்தைக் கழற்றி, குதிகாலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "கலியாணத்துக்குப் பொறகு? படுக்கையிலயும் சப்பாத்தோட படுக்கவா ராத்தா?"

"வாயப் பொத்து. புள்ள ஈக்கிறா."

படுக்கை விரிப்பு அழுக்காகுமே என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை வத்தேகமையில் பஸ் மாறினோம். அவர்களும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். ஒரு பருத்த மாமி, கையில் குடையும் பிஸ்கட் தகரமும். பக்கத்தில் உயரமான ஒருவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். தற்செயலாகச் சந்திக்க வேண்டிய இடம் நீர்வீழ்ச்சி என்று பேசியிருந்தபடியால், ஒரு மணி நேரமும் இரு தரப்பும் எதிரெதிர் யன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

"உம்மா, அந்த மாமி சாச்சிட காலையே பாக்கிறா" என்று நான் சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். உம்மா என் தொடையில் கிள்ளியது இறங்கும்வரை எரிந்தது.

கடைசித் தரிப்பில் இறங்கியதும், "அட, நீங்களும் இங்கயா?" என்று மாமி கேட்டார். "ஓ, சும்மா புள்ளைக்குக் காட்டலாம்ண்டு" என்றார் உம்மா. நான்தான் அந்தப் பிள்ளை.

தேயிலைத் தோட்டத்து வழி மலையைச் சுற்றிப் போனது. போகும்போது இடது பக்கம் பள்ளம். அடியிலே, பாறை இடுக்குக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஆறு இரைந்துகொண்டிருந்தது. வாப்பாவும் மாப்பிள்ளையும் முன்னே நடந்தார்கள். மாப்பிள்ளை வாப்பாவை மலைப் பக்கம் விட்டு, தான் பள்ளத்தின் ஓரத்தாலேயே நடந்தார். உம்மா அதைப் பார்த்துவிட்டுச் சாச்சியின் காதில், "பாரு, பள்ளப் பக்கத்த அடுத்தவங்களுக்கு விடல்ல. பொறுப்பான மனுசன்" என்றார். சாச்சி தலையைக் குனிந்து காலடியை எண்ணிக்கொண்டிருந்தார். சரி, சரி, சரி என்று நான் மனதுக்குள் போட்டுக்கொண்டே வந்தேன்.

வழியிலிருந்த ஒரு சிறிய நீர்வீழ்ச்சியில் இளைப்பாறினோம். மாப்பிள்ளை ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் அவருடைய இடப் பக்கமாகப் போய் நின்று, "ரேடியோவுக்குள்ள என்ன ஈக்கி?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியை எடுத்து, 'மாப்பிள்ளை: மரியாதை இல்லை' என்று எழுதினேன்.

அதற்கு மேலே பாறைகள் நெருங்கி வரும் இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீர் என் முழங்கால் அளவு. எல்லோரும் காலணிகளைக் கழற்றினார்கள். சாச்சி சப்பாத்தைக் கழற்றியபோது உம்மாவின் கண்கள் அங்குமிங்கும் ஓடின. பிறகு அதை என் மார்போடு வைத்து அழுத்தி, "உசிரப் போலப் புடிச்சிக்கோ. அக்கரைக்குப் போனதும் மொதல்ல அவட கையில குடு" என்றார்.

தண்ணீருக்குள் எல்லோரும் தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தார்கள். ஆகவே சாச்சியின் நடை தனியாகத் தெரியவில்லை. உம்மா நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது, என் கழுத்தில் ஓர் அட்டைப்பூச்சி ஏறும்வரை.

குளிர்ந்த ஏதோ ஒன்று ஊர்ந்தது. ஒரு கையால் தட்டினேன். இடது சப்பாத்து விழுந்தது. சாதாரணச் சப்பாத்து என்றால் அங்கேயே அமிழ்ந்திருக்கும். வாப்பா ஒட்டிய இறப்பர் துண்டுகள் அதை மிதக்க வைத்தன. சின்ன வள்ளம் மாதிரி ஒரு முறை சுற்றி, ஆறு இடுக்குக்குள் குதிக்கும் விளிம்பை நோக்கி அமைதியாகப் போனது.

மாப்பிள்ளைதான் பார்த்தார். இஸ்திரிச் சட்டையோடு பாறை பாறையாகத் தாவி ஓடினார்.

"தம்பி, வேணாம்! வழுக்கும்!" என்று வாப்பா கத்தினார். உம்மாவும் கத்தினார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. விளிம்போரத்துப் பாறையைப் பிடித்து இறங்கி, மறைந்துபோனார். மாமி ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ், ஏண்ட மகன்" என்று குடையால் பாறையை அடித்தார்.

பயம் வந்தால் நான் எண்ணுவேன். இன்றும் அப்படித்தான். நூற்று நாற்பது வரை எண்ணியபோது அவருடைய தலை தெரிந்தது. முழங்கை உரிந்து, தொப்பறையாக நனைந்து, வெறுங்கையோடு வந்தார்.

"மன்னிச்சிக்கங்க. சுழிக்குள்ள போயிட்டு" என்றார். ஒருவர் மாறி ஒருவர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். மாமி மகனின் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு, அதே கையால் அவருடைய தலையைத் துடைத்தார்.

அதன் பிறகுதான் சப்பாத்தின் ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. பெரிய நீர்வீழ்ச்சிக்கு இன்னும் கால் மைல் இருந்தது. அதன் பின் திரும்பும் வழி முழுவதும் இருந்தது.

சாச்சி என் கையிலிருந்த வலது சப்பாத்தை வாங்கிக் கூடைக்குள் போட்டார். சேலைக் கரையைச் சற்றே தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் இடது தோள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. பிழை, பிழை, பிழை என்று நான் எண்ணி, எண்ண முடியாமல் அழுதேன்.

"கல்லு குத்துது போல அவளுக்கு" என்று உம்மா உரக்கச் சொன்னார்.

பெரிய நீர்வீழ்ச்சியின் முன்னால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். சாச்சி அங்கே போய் நின்று, திரும்பி, மாமியிடம் கத்தினார்:

"கல்லு இல்ல மாமி! ஏண்ட இடது கால் கட்ட! சின்னதுல விழுந்த! சப்பாத்துக்குள்ள ரப்பர் வெச்சி வந்த!"

உம்மா முகத்தை மூடிக்கொண்டார். மாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் சாச்சியின் இடது பக்கமாகப் போய் நின்று, குனிந்து, ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். தேநீர்த் தட்டோடு நிற்கும்போது சிரிக்கும் சிரிப்பில்லை, குசினிக்குள் எங்களோடு சிரிக்கும் சிரிப்பு.

திரும்பும்போது பள்ளம் வலது பக்கம் வந்தது. மாப்பிள்ளை அப்போதும் இடது ஓரத்தாலேயே நடந்தார், வாப்பாவைப் பள்ளப் பக்கம் விட்டுவிட்டு. உம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், எழுதியும் வைத்தேன்.

பஸ்ஸில் இந்த முறை எதிரெதிர் யன்னல் இல்லை. உம்மாவும் மாமியும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்தார்கள். நான் முன் ஆசனத்தில். மாமி உம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னதும், பின்னால் ஒரு விம்மல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உம்மாவின் தோள்கள் குலுங்கின. சப்பாத்துக்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்து, மடவளை வரும்வரை மறுபடி திரும்பவில்லை.

உம்மா அன்று அழவில்லை, சிரித்திருக்கிறார். அதை எனக்குப் பதினைந்து வயதானபோதுதான் சொன்னார். மாமி பஸ்ஸில் சொன்னது இதுதான்: "கால்ட கத எங்களுக்கு ஆரும் செல்லல்ல புள்ள. ஏண்ட மகனுக்கு இடது காது கேக்காது. ஒங்கட வீட்டுல வந்து ஒக்காந்தா, ரெண்டு வார்த்தையில தெரிஞ்சிடும். அங்கெண்டா தண்ணி எரைச்சல்ல எல்லாரும் கத்தித்தானே பேசணும்?"

அந்த மாப்பிள்ளைதான் என் சாச்சா; அவரும் சாச்சியும் இப்போது குண்டசாலையில் இருக்கிறார்கள். நான் போனால், சாச்சா தன் வலப் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டுவார். சாச்சி வீட்டுக்குள் வெறுங்காலோடு நடமாடுவார், வேறு வேறு சத்தத்தோடு. மிஞ்சிய வலது சப்பாத்தை வாப்பா நெடுங்காலம் முன்கதவு காற்றில் சாத்தாமல் இருக்க அடையாக வைத்திருந்தார்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. அன்று மாலை, அட்டை கடித்த இடத்தில் உம்மா சவர்க்காரம் பூசிவிட்ட பிறகு, அடி எப்போது விழும் என்று காத்திருந்து, விழாத நிலையில், பென்சிலால் எழுதியிருக்கிறேன்:

'இடது சப்பாத்தை ஆற்றில் போட்டேன். யாரும் அடிக்கவில்லை. சாச்சி எனக்கு இரண்டு டொபி தந்தார். காரணம் தெரியாது.'