அப்பா உழக்கிய பாட்டு

சித்தப்பாவின் கிற்றார் அப்பாவின் கால்களிலிருந்துதான் பாடுகிறது என்று ஏழு வயதில் நான் நம்பினேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. போர்த்தடை இருந்த அந்த நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சித்தப்பா ஒரு பழைய ரேடியோவின் வயிற்றைக் கிளறி அதில் கிற்றாரைப் பொருத்தி, சைக்கிள் டைனமோவிலிருந்து கரண்ட் எடுத்தார். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவைத்து அப்பா பெடலை உழக்குவார். அவர் வேகம் கூட்டினால் கிற்றார் உறுமும், களைத்தால் முனகும். நான் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியொரு அதிசயம் வேறு எந்த வீட்டில் இருந்தது?

ட்ரம் அடிக்க அயல்வீட்டு மாமாவும் சேர, அது கோயில் பாடற்குழு ஆனது. பின்னேரங்களில் ஒத்திகை என்று சொல்லிவிட்டு மூவரும் புறப்படுவார்கள். ஒத்திகை நடந்தது கள்ளுத் தவறணையில் என்பது ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரியும், பெண்கள் ஒருவருக்கும் தெரியாது. நானே வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அங்கே சித்தப்பாவின் பைலாப் பாட்டைக் கேட்கப் புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்களாம். ஒவ்வொரு அடி முடியவும் கூட்டம் முழுவதும் "இன்னொரு போத்தல்!" என்று கத்தவேண்டும். அந்தப் பாட்டின் உயிரே அதுதான். அம்மாவோ, அப்பா குடியை விட்டுவிட்டுக் கோயிலுக்காக உழக்குகிறார் என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

அந்தோனியார் திருநாள் பூசைக்குப் பாதர் புதுப்பாட்டு ஒன்று கேட்டார். புது மெட்டுக்குச் சித்தப்பா எங்கே போவார்? தவறணை மெட்டிலேயே வேதவசனத்தை ஏற்றிவிட்டார்.

"அண்ணை, இண்டைக்கு நல்லா உழக்குங்கோ. இது சரிவந்தால் மடுத் திருவிழாவுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவினம்" என்றார்.

பீடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டுடன் அப்பா சைக்கிளில் ஏறினார். கிற்றார் எழுந்தது. கோயில் முகடு அதிர்ந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. முதல் அடி முடிந்தது.

"இன்னொரு போத்தல்!"

ஆண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரல். எல்லாவற்றிலும் உரத்த குரல் சைக்கிளுக்கு மேலிருந்து வந்தது.

அப்பா திகைத்துக் கால்களை நிறுத்தினார். கிற்றார் செத்தது. ட்ரம் மட்டும் விஷயம் விளங்காமல் இன்னும் இரண்டு அடி போனது. பாதர் விரித்த கைகளை மடக்க மறந்து நின்றார். எனக்கோ வியப்புத் தாங்கவில்லை. இவ்வளவு ஒற்றுமையாக ஆண்கள் செபித்து நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

குழு கோயில் வாசலிலேயே உடைந்தது.

"நீங்கள் வாயை மூடியிருந்தால் நான் சமாளிச்சிருப்பன்" என்றார் சித்தப்பா.

"புது மெட்டுப் போடத் தெரியாது, என்ர வாயைக் குறை சொல்ல வாறாய்!" என்றார் அப்பா. ட்ரம் மாமாவை அவருடைய மனைவி அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அம்மா விளைமீன் குழம்பு வைத்தார். அப்பா குடியை விட்டதற்கு நன்றியாக, இனி மீனே வாயில் வைப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தவர் அவர். ஒரு வருடமாக எங்களுக்கு மீன் சமைத்துத் தந்துவிட்டு, சம்பலோடு தன் சோற்றை முடித்துக்கொள்வார். அன்று எல்லோருக்கும் முன்பாகக் கதிரையில் உட்கார்ந்து, மீனைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார்.

"அம்மா மீன் சாப்பிடுறா!" என்று நான் துள்ளினேன். அப்பா தன் சோற்றுக் கோப்பையில் கைவைக்கவேயில்லை. அவருக்குப் பசியில்லையாக்கும் என்று நினைத்து, அவருடைய துண்டையும் எடுத்து அம்மாவின் கோப்பையில் வைத்தேன்.