இந்தத் தடவை என்ன கலர்

விடிவதற்கு முன் மொப் போட்டுத் துடைத்த நடைபாதையில் விளக்குகள் தலைகீழாக மிதக்கும். அதன்மேல் நடக்கும்போது தூக்கம் இன்னும் கலையவில்லை என்றே எனக்குத் தோன்றும். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைக் காட்டைப் பனியோடு தாண்டி, அக்காவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த மயக்கம் அது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தோட்டத்து லயத்தில் அடுத்த வீடு. இந்த அரசாங்க மருத்துவமனையில் என்னைத் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டவர்.

எங்களுக்கு முன் இந்தத் தரையைத் துடைத்தவர்கள் அரசாங்க ஊழியர்கள். தாதியரோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, பென்ஷனோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு வேலை தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. நாங்கள் கம்பெனி ஆட்கள், அந்த மேசை எங்களுக்கு இல்லை. மாடிப்படிக்குக் கீழே அட்டை விரித்துச் சாப்பிட்டோம். சில வருடங்களுக்கு ஒருமுறை கம்பெனி மாறும். அதே ஆள், அதே வார்டு, சட்டை மட்டும் வேறு கலர். அன்றிலிருந்து எல்லாரும் புது ஆள். சேர்ந்திருந்த லீவெல்லாம் காற்றோடு போய்விடும்.

"பச்சை போச்சு, மஞ்சள் போச்சு. இந்தத் தடவை என்னா கலரு, சொல்லு பாப்போம். நான் எப்பவும் புதுப் பொண்ணு லா" என்று அக்கா சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன முறை கம்பெனி மாறியபோது அக்கா நாங்கள் துடைக்கும் வார்டிலேயே படுத்திருந்தார். சர்க்கரைப் புண், கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். விரலைப் பற்றி அவர் பேசவே இல்லை. வேலையைப் பற்றித்தான் கவலை.

"புதுக் கம்பெனில எம்பேர மறக்காம சொல்லு. வீட்ல செவுத்தப் பாத்து உக்கார என்னால முடியாது."

நோயாளிகளோடு நின்று பேசக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். துடைக்கலாம். அதனால் அவர் கட்டிலைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்டில் அவ்வளவு சுத்தமான தரை வேறெங்கும் இருந்திருக்காது.

சட்டை கொடுத்த அன்று புது சூப்பர்வைசரிடம் அக்காவின் பெயரைச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, தன்மையாகத்தான் பேசினார்.

"நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். சுகமானதும் புதுசா மனு போடச் சொல்லுங்க."

"மேல வார்டுலதான் படுத்திருக்காங்க, சார்."

"அவங்க பழைய கம்பெனி ஆளு."

பழைய கம்பெனியோ வாளிகளை ஏற்றிக்கொண்டு முந்தின நாளே போய்விட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன்.

ஜன்னல் வெளிச்சம் ஈரத் தரையில் பட்டு, மேற்கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மொப்பைத் தள்ளிக்கொண்டு கட்டிலோரம் போனேன்.

"ஊதாவா?" என்றார்.

"ஆமாக்கா."

"எனக்கு?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் கையை நீட்டி, என் சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது சாயம் போகும்டி. மொதத் தடவ தனியா தொவ."