‘பாக்கலாம்’ என்றவர்களைக் குழுவாக்கிய பத்மா மேடம்

பத்மா மேடம் காலமான செய்தியை எங்கள் பழைய மாணவி செல்விதான் போனில் சொன்னாள். “சார், மேடம் போயிட்டாங்க சார்” என்றாள். அவள் பட்டறையில் யாரோ மோட்டார் ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. எங்கள் தொழிற்கல்லூரியில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பல வருடம் என்னைக் கேலி செய்தவர் மேடம். அந்தக் குரல் இனி இல்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் மாணவிகளுக்கு ஆளுக்கு மூன்று பேர் கொண்ட வழிகாட்டிக் குழு அமைப்பதாகத் தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கிளம்பியபோது, “இந்த ஊர்ல யார் மேடம் வருவாங்க?” என்று நான் சிரித்தேன். காஞ்சிபுரம் கடைவீதியில் “பாக்கலாம்மா” என்றால் “ஆளை விடு” என்று அர்த்தம். சின்னக் காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாதா? தெரியாத மாதிரியே நடந்துகொள்வார். எலக்ட்ரிக்கல் கடை நாகராஜன் “பாக்கலாம்மா” என்றார். மறுநாள் கடை திறக்கும்போதே மேடம் வாசலில் நின்றார். “நேத்து பாக்கலாம்னீங்களே, பாக்க வந்துட்டேன்.” ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரும் தையல் யூனிட் நடத்தும் அம்மா ஒருவரும் இதே வலையில்தான் விழுந்தார்கள்.

எதற்கு மூன்று பேர் என்று கேட்டேன். “ஒருத்தர்னா உபதேசம் பண்ணுவார். ரெண்டு பேர்னா ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்துப்பாங்க. மூணு பேர்னாதான் சண்டை வரும். அந்தச் சண்டையைப் பொண்ணு பாக்கணும்” என்றார். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், சண்டைக்குக் குறைவே இருந்ததில்லை.

செல்வியின் அப்பா நெசவாளர். மகளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் பேசி வைத்திருந்தார். அவளுக்கோ பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைக்க ஆசை. அப்பா, குழு சம்மதித்தால் தனக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நாகராஜன் எடுத்த எடுப்பிலேயே, “வேலை நல்லாத்தான் செய்துக்கினு இருக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா பொம்பளப் புள்ள எப்படிமா மோட்டாரைத் தூக்கும்?” என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் பாடம் நடத்திய பெண் அல்லவா? வாய் திறப்பதற்குள் மேடம் என் கையை அழுத்தினார்.

“நீங்க சும்மா இருங்க. கடை அவளோடது, அவ பேசட்டும்.”

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். இதோடு முடிந்தது, ஸ்ரீபெரும்புதூர் பஸ்தான் என்று நினைத்தேன். செல்வி தலை நிமிராமலே சொன்னாள்: “தூக்கறதுக்கு ஆள் வெச்சிப்பேன் சார். உங்க கடையில ஒயர் பண்டலை நீங்களா தூக்கறீங்க?”

நாகராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் கடையை ஒட்டியிருந்த அறையை அவளுக்கே வாடகைக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். அப்பா எழுந்து மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்று செல்வியும் ஒரு குழுவில் இருக்கிறாள். அதில் மூவரில் ஒருவராக இருந்த மேடத்தின் இடம் காலி. காரியம் முடிந்த அன்று, “நீங்க வாங்க சார்” என்று கூப்பிட்டாள். போன வாரம் போய் உட்கார்ந்தேன். பேக்கரி வைக்க நினைக்கும் ஒரு பெண், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் விழித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் கையை அழுத்தத்தான் ஆளில்லை. மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, அடுத்தவர் பேசும்வரை பொறுத்திருக்கும் அந்த ஒன்றைத்தான். வாயாடியான எனக்கு அது லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் பேசத் தொடங்கினாள்.