எழுதாமல் விட்ட ஒரு வரி

மகள் பிறந்தபின் வேலை தேடிய என்னை, ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு சிறு நிறுவனம் சோதித்துப் பார்க்க அழைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான உள்ளங்கையளவு கணினியை, அதன் கையேட்டைப் படித்து நான் இயக்க வேண்டும். மேலாளர் பிரேமா உதவாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துச் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சாரிங்க, எதையோ கெடுத்துட்டேன்," என்றபோது கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அழாதீங்க லா! மெமரி கார்டு போடணும்னு கையேட்டுல நாங்க எழுதவே இல்ல. எங்க எஞ்சினியருங்க ஏற்கெனவே கார்டு போட்டிருந்த கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாத்துட்டு, 'சூப்பர்'னுட்டாங்க. நீங்க எழுதினபடியே செஞ்சதாலதான் அது தெரிஞ்சுது. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க," என்றார் பிரேமா.

இப்போதும் மகள் விடாமல் அழுதால், எதைத் தவறாகச் செய்தேன் என்றுதான் தேடுகிறேன். எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கலாம் என்று தோன்றுவதே இல்லை.