செவுளைப் பார்த்தவர்

திருகோணமலை மீன் சந்தையில் ஓர் அக்கா மீன் வெட்டுவார். ஒவ்வொரு மீனின் செவுளையும் கண்ணருகே பிடித்து, விரித்துப் பார்த்துவிட்டே எறிவார். மீன் ஒட்டுண்ணிகளை ஆராயப் போன எனக்கு, அரிசியளவுப் பூச்சியொன்றை அவர்தான் முதலில் காட்டினார். அதன் பின்னால் இரண்டு வெள்ளை நூல்கள் தொங்கின.

“இது முட்டைச்சரம், தம்பி. கொளுக்கி மாதிரிக் கையால செவுளைப் பிடிச்சிருக்கு. எப்பவும் உள்பக்கத்திலதான் இருக்கும். இதின்ர முகத்தைப் பாக்க ஏலாதோ?”

“ஏலும் அக்கா, நாளைக்கு நுணுக்குக்காட்டி கொண்டு வாறன்,” என்றேன்.

பூச்சி செவுளின் உள்பக்கத்தில்தான் இருக்கும் என்று அவர் கண்டதை என் ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன், அவரைக் குறிப்பிடவில்லை. நுணுக்குக்காட்டியோடு போக எட்டு மாதமாயிற்று. பக்கத்தில் வெட்டுபவர் சொன்னார்: “அவவுக்கு இப்ப கண் தெரியாது. ஈச்சிலம்பற்றில மகளோட இருக்கிறா.”

இன்னும் நான் அங்கே போகவில்லை. போய் எதைக் காட்டுவது?