பொட்லாவின் காது

பால்காரர் சிரித்தால் பாலை மோந்து பார்க்கிற ஆள் நான். வங்காளத்து கிருஷ்ணநகரில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். தெருவே தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ரேபா தீதி குழந்தைகளுக்கு எழுதும் பாட்டுப் புத்தகங்களை நான்தான் அச்சடிக்கிறேன். முப்பது வருடம் நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் எழுதியவர். ‘சத்தத்துக்காக எழுதினேன், அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல’ என்பார். நான் நம்பியதில்லை.

இந்த வருடப் புத்தகத்தில் இப்படி ஒரு பாட்டு:

பொட்லா, பொட்லா, எங்கே போற?
பொரியைத் தூக்கிட்டு எங்கே ஓடுற?
அம்மா கூப்பிட்டா காதே கேக்காது,
அப்பளம் நொறுங்கினா உடனே கேக்கும்!

தெருப் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தெருமன்றச் செயலாளர் பிரபாத் தரஃப்தார் அச்சகத்துக்குள் பாய்ந்து வந்தார்.

“நீதானேடா சொன்னே? என் வீட்டுப் பேரை அவகிட்ட யாரு சொன்னது?”

எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு பெயர். சான்றிதழுக்கு ஒன்று, வீட்டுக்குள் கூப்பிட ஒன்று. கூடப் படித்த எனக்கே அன்றுதான் தெரியும்.

“நீ பொட்லாவா!” என்று சிரித்துத் தொலைத்தேன்.

“பேரு கிடக்கட்டும். அம்மா கூப்பிட்டா கேக்காதுன்னு எழுதியிருக்காளே!” அவர் குரல் உடைந்தது. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவர் அம்மா தனியாக இறந்துபோனார். பிரபாத் அப்போது மன்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். “அந்த வரிய எடுக்கலேன்னா சரஸ்வதி பூஜையில அவளுக்கு மேடை கிடையாது.”

பூஜையன்று பிள்ளைகளுக்குப் பாட்டு வாசிப்பதற்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவர் தீதி. நான் போய்ச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. மறுபேச்சில்லாமல் வரியை மாற்றி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்: ‘அம்மா கூப்பிட்டா ஓடி வருவான்.’

“பொய்!” என்றாள் ஏழு வயது மிட்டு. “எவன் ஓடி வருவான்?”

தீதி பேனாவை மூடினார். “பெரியவங்க அர்த்தம் தேடுவாங்க. இதுங்க நாக்குல போட்டுப் பாக்கும், உருளலேன்னா துப்பிரும். இதுங்ககிட்ட பொய் செல்லாதுப்பா. பழைய வரியே இருக்கட்டும். மேடை போனா போகுது.”

பூஜையன்று தீதி பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரபாத் வாளியோடு கிச்சடி பரிமாறிக்கொண்டு வந்தார். இலை முன்னால் பொறுமையில்லாத மிட்டு ஆரம்பித்தாள்: “பொட்லா, பொட்லா, எங்கே போற?”

நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பிரபாத் அப்படியே நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“எங்கயும் போகலம்மா,” என்றார், யாரையும் பார்க்காமல். வாளியை என் கையில் திணித்துவிட்டுப் போய், மேடையில் ஒரு நாற்காலி போட்டார். தீதியைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது கேட்டே விட்டேன். தீதியின் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே பிரபாத் வீட்டு ஜன்னல். “சத்தத்துக்காக வச்ச பேருன்னு என்கிட்டயே கதையா, தீதி?”

தீதி நடையைக் குறைத்தார்.

“அன்னிக்கு அந்தம்மா ‘பொட்லா, பொட்லா’ன்னு கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. தினம் கூப்பிடறதுதானேன்னு அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தேன். பேருதாம்ப்பா அவனோடது. காது என்னோடது.”