துளியை எண்ணிய கண்

என் கணவர் கோவில்பட்டியின் ஒரு சிறிய மருத்துவமனையில் கிடந்த நாட்களில், அவருடைய உயிர் கையடக்கமான ஒரு மோட்டாரின் பொறுப்பில் இருந்தது. இதயம் தளர்ந்து இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அதைத் தாங்கும் மருந்து நரம்பின் வழியே ஒரே சீராகப் போக வேண்டும். மிகுந்தாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

புட்டியின் கீழே துளி விழும் சிறு கூட்டை ஒரு கவ்வி பற்றியிருந்தது. அதன் ஒரு பக்கத்திலிருந்து புறப்படும் ஒளி மறுபக்கம் சேரும். துளி விழுகையில் அறுபடும். அறுபடுவதைக் கருவி எண்ணிக்கொண்டே, வேகம் மிகுந்தால் மோட்டாரைத் தணிக்கும், குறைந்தால் முடுக்கும். செவிலி அந்தக் கவ்வியைக் கண் என்றாள்.

வாசிப்புப் பழக்கம் உள்ளவள் என்பதால் எனக்கு இதெல்லாம் விரைவில் புரிந்தது. புரிந்துகொள்வதும் ஒருவகைச் செயல்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். கருவியின் திரையில் மருந்தின் அளவைக் காட்டும் எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைக்க முடிந்தால் பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு காலையும் அவர் அதைக் கூட்டிவிட்டுத்தான் போனார். சன்னலுக்கு வெளியே உழுதுபோட்ட கரிசல் மழைக்காக வாய்பிளந்து கிடந்தது. நான் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜையன்று மதினி, கணவரின் அக்கா, வந்தார். எங்கள் தீப்பெட்டி ஆலையில் ஒவ்வோர் ஆண்டும் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர் அவர்தான். வேறொருவர் கை படவிடமாட்டார். அன்றும் ஆலையில் பூசையை முடித்து, பொரியும் சந்தனக் கிண்ணமுமாக நேரே மருத்துவமனைக்கு வந்திருந்தார். தம்பியின் நெற்றியில் திருநீறு இட்டார். பிறகு கருவியை வெகுநேரம் பார்த்தார். அதில் எது என்ன செய்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

நான் வெந்நீர் வாங்கப் போய்த் திரும்பியபோது, கருவியின் தலையில் ஒரு பொட்டு இருந்தது. கவ்வியின் இடுக்கிலும் ஈரச் சந்தனம் தாராளமாக அப்பியிருந்தது.

“தம்பிக்காக ராவும் பகலும் முழிச்சிக்கிட்டே இருக்குல்லா,” என்றார். “கண்ணு குளுந்து இருக்கட்டும் தாயி.”

அதற்குள் கருவி கத்தத் தொடங்கிவிட்டது. துளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை; தெரியாததால் மோட்டார் நின்றுவிட்டது. என்ன நேர்ந்தது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. எதைத் தொடுவது என்பது மட்டும் தெரியவில்லை. கவ்வியைக் கழற்றலாமா, கூடாதா? கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டேன். செவிலி ஓடிவந்து பஞ்சால் துடைத்து, கவ்வியை மீண்டும் மாட்டினாள். மோட்டார் ஓடியது.

“யாரு பெரிம்மா இதுல கை வச்சது?” என்று அவள் கேட்டாள். மதினி கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அதன்பின் அவர் அறைக்குள் வரவேயில்லை. வராந்தா பெஞ்சில்தான் இருந்தார்.

கணவர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. எண்ணைக் கூட்டுவதற்கு இனி இடமில்லை என்றார்கள். கடைசிவரை துளிகள் ஒரே சீராக விழுந்தன. கருவியிடம் எந்தக் குறையும் இல்லை. அன்று அது நின்றது சொற்ப நேரம், அதனால் எதுவும் ஆகவில்லை என்று மருத்துவர் மதினியிடமே சொன்னார். நானும் சொன்னேன், பலமுறை. ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆயுதபூஜைக்கு மதினியும் நானும்தான் ஆலையில் நின்றோம். குச்சி அடுக்கும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு அதன் அருகே போனார். நின்றார். அவ்வளவு ஆண்டுகள் பழகிய இயந்திரத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“இதுக்குக் கண்ணு எங்கன இருக்கு தாயி?” என்று கேட்டார்.

“இதுக்குக் கண்ணு கிடையாது மதினி.”

அவர் விரலில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எட்டிப் போய் நின்றுகொண்டார்.